பெல்லு என் வாசல்ல, அக்கவுண்ட் யாரோட பேர்ல? ஸ்மார்ட் சாதனம் டிசைன் பண்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க,

பெல்லு, பல்பு, பூட்டு, டிவி, வாட்ச், பொம்மைன்னு கைக்குக் கெடச்சதுக்குள்ள எல்லாம் ஒரு கம்ப்யூட்டரை வெச்சு எங்க வீட்டுக்குள்ள அனுப்பிக்கிட்டு இருக்கற டிசைனர்கள், இன்ஜினியர்கள், ப்ராடக்ட் மேனேஜர்கள் எல்லாருக்கும்தான் இந்த மடல். தனியா ஒரு கம்பெனிய இழுத்துப் போட்டுத் திட்டறது நோக்கம் இல்ல, நான் சொல்ல வர்ற விஷயத்துல உங்கள்ல முக்கால்வாசிப் பேர் ஒரே மாதிரிதான் யோசிக்கறீங்க.

கொஞ்ச நாள் முன்னாடி வீடு மாறுனேன். வாடகை வீடு, வைஃபை வீட்டு ஓனரே குடுத்தது, வாசல்ல கேமரா வெச்ச காலிங் பெல் ஒன்னு ஏற்கனவே இருந்துச்சு, சரி நல்லதுதானேன்னு விட்டுட்டேன். வந்து நாலாவது நாள் வெளிய போயிட்டு வந்து கதவத் தொறக்கறேன், சுவத்துல இருந்து ஒரு ஆம்பள குரல், "அக்கா, மத்தியானம் பார்சல் வந்துச்சு, செடி பின்னாடி வெச்சுட்டுப் போயிருக்காங்க பாருங்க." எனக்கு ஒரு நிமிஷம் மூச்சே நின்னு போச்சு. யாருன்னு கேட்டா, முன்னாடி அந்த வீட்டுல குடியிருந்த தம்பியாம். பாவம் அவரு மேல தப்பே இல்ல, பெல்ல வாங்குனது அவரோட ரூம்மேட், அக்கவுண்ட் அந்த ரூம்மேட் பேர்ல, அவரு எங்கயோ வேலைக்குப் போயிட்டாரு, போன் எடுக்கறதில்ல, இவருக்கு ஷேர் பண்ணின ஆக்சஸ் மட்டும் இருக்கு, வாசல்ல யாரு அசைஞ்சாலும் இவருக்கு நோட்டிஃபிகேஷன் அடிச்சுக்கிட்டே இருக்குதாம். உதவி பண்றோம்னு நெனச்சுதான் பார்சல் பத்தி சொல்லிருக்காரு. ஆனா நாலு நாளா நான் எப்ப போறேன் எப்ப வர்றேன், யாரு கூட வர்றேன்னு எல்லாம் ரெண்டு பேர் போன்ல போயிருக்கு, அதுல ஒருத்தரை நான் பாத்ததே இல்ல.

சப்போர்ட்டுக்குப் போன் பண்ணினேன். நாப்பது நிமிஷம். கடைசில கெடச்ச பதில், "அக்கவுண்ட் ஹோல்டர்தான் மேடம் ரிமூவ் பண்ணனும், அவங்கள காண்டாக்ட் பண்ணுங்க." நான் சொல்றேன், பெல்லு என் வாசல்ல இருக்கு, அதுல தெரியறது என் மூஞ்சி, நான் அந்த அக்கவுண்ட் ஹோல்டர் இல்லன்னா நான் யாருன்னு. அந்தப் பொண்ணுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, அவங்க ஸ்கிரீன்ல என்னை மாதிரி ஆளுக்கு ஒரு கட்டமே இல்ல போல.

அதுதான் என் பிரச்சனை. நீங்க வாங்குனவனுக்கு டிசைன் பண்றீங்க. ரூம்ல இருக்கறவனுக்குப் பண்றதில்ல. கம்ப்யூட்டர் மேசை மேல இருந்த வரைக்கும் ரெண்டும் ஒரே ஆளு, உக்காந்து லாகின் பண்றவன்தான் யூசர். அது சுவத்துலயும் கூரையிலயும் போன உடனே அந்தக் கணக்கு உடைஞ்சு போச்சு, ஆனா உங்க சாஃப்ட்வேர் இன்னும் மேசை காலத்துலயே இருக்கு.

இதெல்லாம் புதுசா வந்த யோசனையும் இல்ல. யுபிக்விடஸ் கம்ப்யூட்டிங், எங்கும் எதிலும் கம்ப்யூட்டர்னு 1988லயே ஜெராக்ஸ் கம்பெனியோட பார்க் (PARC)ங்கற ஆராய்ச்சி லேப்ல மார்க் வைஸர்னு ஒருத்தர் பேர் வெச்சாரு. உள்ளங்கை சைஸ்ல சிலது, நோட்டு சைஸ்ல சிலது, கரும்பலகை சைஸ்ல சிலதுன்னு ஒரே ரூம்ல நூத்துக்கணக்கான கம்ப்யூட்டர் இருக்கும், ஆனா எழுத்து எப்படி நம்ம கண்ணுக்கு உறுத்தாம எங்க பாத்தாலும் இருக்கோ அந்த மாதிரி பின்னால போயிடும்னாரு. அவர் 1991ல எழுதின கட்டுரையை இன்னிக்கும் இந்தத் துறையில எல்லாரும் மேற்கோள் காட்டுவீங்க. அதே கட்டுரையில, பக்கத்துல யாரு இருக்காங்கன்னு உணர்ற கம்ப்யூட்டர் ரூமுக்கு நூத்துக்கணக்குல இருந்து எல்லாத்தையும் நெட்வொர்க்ல இணைச்சா, அதுவரைக்கும் உலகம் பாத்த சர்வாதிகாரம் எல்லாம் இதுக்கு முன்னாடி ஒன்னுமே இல்லங்கற மாதிரி ஆயிடலாம்னும் சொல்லிருக்காரு. அந்தப் பத்திய மட்டும் ஏனோ யாரும் ஸ்லைடுல போடறதில்ல. அவர் கம்ப்யூட்டர் மறையணும்னு சொன்னாரு, நீங்க மறைச்சு வெச்சுட்டீங்க.

அந்தக் காலத்துல செஞ்ச ரெண்டு சாமான் எனக்கு ரொம்பப் புடிக்கும், பொறுத்துக்கோங்க கொஞ்சம் விரிவாவே சொல்றேன். ஒன்னு, கேம்பிரிட்ஜ்ல ஒலிவெட்டி ஆராய்ச்சிக் கூடத்துல 1990 வாக்குல பண்ணின ஆக்டிவ் பேட்ஜ். சட்டைல குத்திக்கற அட்டை, 15 செகண்டுக்கு ஒரு தடவை இன்ஃப்ராரெட்ல தன்னோட நம்பரைச் சொல்லும், ரூம் ரூமா இருக்கற சென்சார் அதைப் புடிச்சு யாரு எங்க இருக்காங்கன்னு காட்டும், போன் வந்தா அந்தந்த ரூமுக்குத் திருப்பி விடுவாங்க. கேக்கவே பயமாத்தான் இருக்கு, ஆபீஸ்ல ஆளு எங்க போறான் வர்றான்னு பாக்கற மெஷின். ஆனா அதுல ஒரு விஷயம், வெளிச்சம் படலன்னா பேட்டரி மிச்சம் பண்றதுக்காக அது தூங்கிடும். டிராயர்ல போட்டு மூடுனா முடிஞ்சுது. எந்த மெனுவுக்கும் போக வேணாம், எந்த அக்கவுண்டும் வேணாம், அத கையில வெச்சிருக்கறவனால நிறுத்த முடியும்.

இன்னொன்னு, ஜெராக்ஸ் பார்க்லயே நட்டாலி ஜெரெமிஜென்கோன்னு ஒரு கலைஞர் வராண்டா மூலைல தொங்க விட்ட 8 அடி நீள பிளாஸ்டிக் கயிறு. கூரைல ஒரு குட்டி மோட்டர், அது நெட்வொர்க் கேபிளோட இணைஞ்சிருக்கும், நெட்வொர்க் சும்மா இருந்தா கயிறு அப்பப்ப ஒரு துள்ளு துள்ளும், நெரிசல் ஆச்சுன்னா விர்ர்னு சுத்தும். ஆபீஸ்ல என்ன நடக்குதுன்னு வராண்டால நடக்கற யாருக்கும் தெரியும், கூட்டறதுக்கு வந்தவங்களுக்கும் தெரியும், டைரக்டருக்கும் தெரியும், ரெண்டு பேருக்கும் ஒரே அளவு தெரியும். முப்பது வருஷம் ஆச்சு, என் பெல்லு வேலை செய்யுதா, யாராவது இப்ப பாத்துக்கிட்டு இருக்காங்களான்னு எனக்குக் காட்ட ஒரு கயிறு கூட இல்ல.

நான் இந்த டெக்னாலஜிக்கே எதிரின்னு நெனச்சுடாதீங்க. எங்க அப்பாவுக்குப் பார்வை கிட்டத்தட்டப் போயிடுச்சு. ராத்திரி முழிப்பு வந்தா மணி என்னன்னு தெரிஞ்சுக்க அம்மாவ எழுப்பணும், எழுப்ப மனசு வராம விடியற வரைக்கும் அப்படியே படுத்திருப்பாராம், இத எங்ககிட்ட சொல்லவே ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப குரல்ல பேசற ஸ்பீக்கர் ஒன்னு தலைமாட்டுல இருக்கு, மெதுவா கேக்கறாரு, அது மெதுவா சொல்லுது. லைட்டு போடறது, போன் பண்றது, செய்தி கேக்கறது எல்லாம் அவரே பாத்துக்கறாரு, யாரையும் கூப்பிட வேணாம். அவருக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு கூட இருந்து பாத்தவங்களுக்குத்தான் தெரியும். அதே மாதிரி, முதல் வகை சர்க்கரை நோய் உள்ள பசங்களோட அப்பா அம்மாக்கள் 2013 வாக்குல, உடம்புல ஒட்டற குளுக்கோஸ் சென்சார் காட்டற அளவு தூரத்துல இருந்து தெரியலயேன்னு அவங்களே கோடு எழுதி அதை நெட்டுக்கு ஏத்துனாங்க, நைட்ஸ்கவுட்னு பேரு, பையன் ஸ்கூல்ல இருக்கான், அளவு அம்மா போன்ல தெரியுது. கம்பெனிங்க எப்ப தர்றாங்களோன்னு அவங்க காத்துக்கிட்டு இருக்கல.

எங்க அப்பா கிட்ட இன்னொரு பழக்கம். வீட்டுக்கு யாரு வந்தாலும் உக்காந்த உடனே முதல்ல சொல்றது, "இந்த டப்பாவுக்குக் காது இருக்கு, வேணாம்னா சொல்லு, அமத்திடறேன்." எனக்கு முதல்ல சிரிப்பா இருந்துச்சு. அது எப்பவும் எல்லாத்தையும் அனுப்பாது, அதுக்குள்ள ஒரு சின்ன புரோகிராம் கூப்பிடற வார்த்தைக்காக மட்டும் காத்துக்கிட்டு இருக்கும், அந்த வார்த்தை கேட்டாதான் அடுத்து பேசறது சர்வருக்குப் போகும்னு விளக்குனேன். அப்பா கேட்டாரு, அது தப்பா கேட்டுக்கிட்டா? ஆமா அதுவும் நடக்கும், டிவில யாரோ எதையோ சொன்னா கூட எழுந்துக்கும். "அப்ப வந்தவங்ககிட்ட சொல்றதுதான மரியாதை"ன்னாரு. அவ்வளவுதான். உங்க பிரைவசி பாலிசி எல்லாம் அக்கவுண்ட் வெச்சிருக்கற எங்க அப்பாவுக்கு, விருந்தாளிக்கு எதுவும் கெடயாது, அந்த வேலைய பார்வை இல்லாத ஒரு மனுஷன் வாயால பண்ணிக்கிட்டு இருக்காரு.

பெரிய பெரிய சம்பவங்களப் பாத்தாலும் அடி வாங்கறது எப்பவும் விக்கறவனும் இல்லாத வாங்குனவனும் இல்லாத அந்த மூணாவது ஆளுதான். 2016 அக்டோபர் 21ஆம் தேதி மிராய்னு ஒரு திருட்டு புரோகிராம் பண்ணின சமாச்சாரம். கேமரா, டிவிஆர், ரவுட்டர் இதுக்கெல்லாம் ஃபேக்டரில போட்டு அனுப்புன டிஃபால்ட் பாஸ்வேர்டு ஒரு அறுபது சொச்சம், அந்த லிஸ்ட்ட வெச்சுக்கிட்டே லட்சக்கணக்கான சாமான்ல புகுந்து, அன்னிக்கு அதுல ஒரு பெரிய கூட்டத்த, வெப்சைட் பேரை வெச்சு அது எங்க இருக்குன்னு வழி காட்டற டைன்ங்கற கம்பெனி மேல ஏவி விட்டாங்க, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெட்டிட் எல்லாம் மணிக்கணக்குல படுத்துச்சு. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா கேமரா வாங்குனவனுக்கு ஒன்னுமே ஆகல, அவன் வீட்டுப் படம் நல்லாதான் தெரிஞ்சுது, ரீஸ்டார்ட் பண்ணினா அந்தப் புரோகிராம் அழிஞ்சுடும், பாஸ்வேர்ட மாத்தலன்னா கொஞ்ச நேரத்துல திரும்ப வந்துடும், அவனுக்குத் தெரியவே தெரியாது. கஸ்டமருக்குத் திருப்தி, அஞ்சு ஸ்டார். பாதிக்கப்பட்டவன் யாரும் அந்தக் கேமராவ வாங்குனவன் இல்ல.

ஏர்டேக் கதைய எடுத்துக்கோங்க. ஆப்பிள் விட்ட சின்ன வில்லை, 2021 ஏப்ரல்ல வந்துச்சு, சாவி தொலைஞ்சா தேடறதுக்கு, நல்ல சாமான். ஆனா அதை அடுத்தவங்க பையில நைசா போட்டா அவங்க எங்க போறாங்கன்னு போட்டவனுக்குத் தெரியும். உங்க கூட தெரியாத டேக் ஒன்னு வருதுன்னு எச்சரிக்கை ஐபோன் வெச்சிருந்தா வந்துச்சு, ஆண்ட்ராய்டு போன் வெச்சிருக்கறவங்களுக்கு அந்த வருஷக் கடைசிலதான் ஒரு ஆப் விட்டாங்க, அதுலயும் நாமளா சந்தேகப்பட்டு ஸ்கேன் பண்ணாதான் தெரியும். ஆண்ட்ராய்டுல தானா எச்சரிக்கை வர ஆரம்பிச்சதே 2023 ஜூலைலதான், ஆப்பிளும் கூகுளும் சேந்து ரெண்டு பக்கத்துக்கும் ஒரே பொது முறைய கொண்டு வந்தது 2024 மே மாசம். மூணு வருஷம். டேக் வாங்குனவனுக்கு முதல் நாள்ல இருந்தே மேப் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

ரூம்பா கதை இன்னும் வயித்த கலக்கும். 2020ல சோதனைக்குக் குடுத்த ரோபோ வேக்குவம் கிளீனர்கள் எடுத்த படங்கள், அதுல என்ன என்ன இருக்குன்னு பேர் போடறதுக்கு வேற நாட்டுல காண்ட்ராக்ட் வேலை செய்யறவங்களுக்குப் போயி, அங்கிருந்து சோஷியல் மீடியா குரூப்புக்குக் கசிஞ்சுது, 2022 டிசம்பர்ல செய்தியா வந்துச்சு. டாய்லெட்ல உக்காந்திருந்த ஒரு பொண்ணோட படம் அதுல. கம்பெனி என்ன சொன்னாங்கன்னா, அது கடைல விக்கற மாடல் இல்ல, டெஸ்ட் பண்ண ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டவங்க வீட்டுல இருந்தது, மேல ஸ்டிக்கர் கூட ஒட்டியிருந்தோம்னாங்க. உண்மையாவே இருக்கட்டும். தரையில குப்புறப் படுத்திருந்த ஒரு எட்டு ஒம்பது வயசுப் பையன் படமும் கசிஞ்சுதே, அவன் எந்த ஃபார்ம்ல கையெழுத்து போட்டான்?

ஜெர்மனி ஒரு காரியம் பண்ணுச்சு, எனக்கு அது புடிச்சிருந்துச்சு. கெய்லான்னு ஒரு பேசற பொம்மை, ப்ளூடூத் வழியா பக்கத்துல இருக்கற யாரு போன்ல இருந்தும் பாதுகாப்பே இல்லாம அதோட இணைஞ்சுக்கலாம், 2017 பிப்ரவரில அந்த நாட்டு டெலிகாம் ஒழுங்குமுறை அமைப்பு அதை விக்கவும் கூடாது வெச்சிருக்கவும் கூடாதுன்னு தடை பண்ணுச்சு. எந்தச் சட்டத்துல தெரியுமா? வேற ஒரு பொருள் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு ஆளுக்குத் தெரியாம பேச்சை அனுப்பற கருவிக்கு எதிரான சட்டம். ஒட்டுக்கேக்கற கருவிக்குன்னு போட்ட சட்டம் ஒரு பொம்மைக்குப் பொருந்திப் போச்சு. எனக்கென்னமோ உங்க கேட்டலாக்கை அந்தச் சட்டம் தெரிஞ்ச ஒரு வக்கீல்கிட்ட ஒருநாள் குடுத்துப் பாக்கணும்னு ஆசை.

சட்டம் வந்துக்கிட்டுதான் இருக்கு, இல்லன்னு சொல்லல. பிரிட்டன்ல 2024 ஏப்ரல் 29ல இருந்து எல்லாருக்கும் ஒரே மாதிரி டிஃபால்ட் பாஸ்வேர்டு போட்டு விக்கக் கூடாது, எவ்ளோ காலம் செக்யூரிட்டி அப்டேட் வரும்னு முன்னாடியே சொல்லணும். ஐரோப்பிய யூனியனோட சட்டத்துல முக்கியமான கடமைகள் 2027 டிசம்பர்ல அமலுக்கு வருது. நல்லது. ஆனா இது எல்லாமே வெளியாளு உள்ள புகாம இருக்கறதுக்கு. என் பெல்லுல யாரும் ஹேக் பண்ணல. பாஸ்வேர்டு ஸ்ட்ராங்கா இருந்துருக்கும், என்கிரிப்ஷன் இருந்துருக்கும், சிஸ்டம் நீங்க டிசைன் பண்ணின மாதிரியே கரெக்டா வேலை செஞ்சுது. அதுதான் பிரச்சனையே. ஒரே வீட்டுக்குள்ள பொண்டாட்டிய கண்காணிக்கற புருஷனுக்கும் அதே சிஸ்டம் அதே மாதிரி கரெக்டா வேலை செய்யும், அட்மின் அவன்தான், அவ வெறும் கெஸ்ட். பூட்டு, லைட்டு, கேமரா எல்லாம் அவன் போன்ல, அவன் வீட்டை விட்டுப் போனதுக்கு அப்பறமும்.

சரி என்ன வேணுங்கறேன்னு கேப்பீங்க. முதல்ல அந்த ரீசெட் விஷயம். உங்க ஆளுங்க கிட்ட கேட்டா உடனே சொல்றது, பட்டனை அமுக்குனா அக்கவுண்ட் போயிடும்னு வெச்சா திருடன் கழட்டிட்டுப் போய் வித்துடுவான், அதனாலதான் லாக் பண்ணி வெச்சிருக்கோம்னு. நியாயமான பதில்தான், நானும் ரொம்ப நாள் இதை யோசிச்சேன். ஆனா ரெண்டு விஷயத்தை ஒன்னா போட்டுக் குழப்பிட்டீங்க. புதுசா ஒருத்தர் அதைப் பயன்படுத்தறது வேற, பழைய ஆளு பாக்கறது வேற. பட்டனை முப்பது செகண்ட் அமுக்குனா பழைய அக்கவுண்ட்டுக்கு "தொடர்பு துண்டிக்கப்பட்டது"ன்னு ஒரு மெசேஜ் போகட்டும், கேமராவும் மைக்கும் செத்துடட்டும், வாங்குனவர் நேர்ல வந்து உயிர் குடுக்கற வரைக்கும் அது வெறும் பிளாஸ்டிக்கா கெடக்கட்டும். திருடனுக்கும் லாபம் இல்ல, எனக்கும் நிம்மதி. திருடன் கழட்டறதுக்கு முன்னாடி முப்பது செகண்ட் அதை அமுக்கிக்கிட்டு நின்னா அவன் மூஞ்சி ரெக்கார்ட் ஆகி ஏற்கனவே சர்வருக்குப் போயிருக்கும்ல.

அடுத்தது, மைக்கோ கேமராவோ ஓடுதா இல்லையான்னு ரூமோட அந்தக் கோடில இருந்து பாத்தா தெரியணும். கடுகளவு லைட்டு போதாது. லென்ஸுக்கு ஒரு மூடி, தள்ளுனா மூடணும், கையால. மைக் சுவிட்ச் சாஃப்ட்வேர்ல இல்லாம கரண்ட்டையே வெட்டணும், சில பேர் இதைப் பண்றீங்க, மத்தவங்க ஏன் பண்ணலன்னு எனக்குப் புரியல, எவ்ளோ செலவாகிடப் போகுது.

அப்பறம் சர்வர் நின்னு போனாலும் சாமான் சாமானா இருக்கணும். ரிவால்வ்னு ஒரு ஸ்மார்ட் ஹோம் ஹப், வீட்டு லைட்டு பூட்டு எல்லாத்தையும் ஒன்னா இணைக்கற டப்பா, வாழ்நாள் முழுக்க சேவைன்னு சொல்லி வித்தது, கம்பெனிய கூகுளோட நெஸ்ட் வாங்குச்சு, 2016 மே மாசம் சர்வர நிறுத்துனாங்க, அவ்வளவுதான், வாங்குனவங்க கைல ஒரு டப்பா. யாரோட வாழ்நாள்னு அப்ப கேட்டிருக்கணும். எங்க அப்பா தலைமாட்டுல இருக்கறதுக்கும் ஒருநாள் இதே கதி வரும், அன்னிக்கு மணி சொல்றதுக்காவது நெட் இல்லாம அதுக்கு வழி இருக்கணும். மணி சொல்ல எதுக்குய்யா சர்வர்.

உங்க டிசைன் மீட்டிங்ல, யூசர் ஸ்டோரின்னு, யூசருக்கு என்ன வேணும்னு எழுதி அட்டை அட்டையா ஒட்டி வெப்பீங்களாமே, அதுல "நான் இதை வாங்கல, எனக்கு இது வேணாம், ஆனா நான் இந்த ரூம்ல இருக்கேன்"னு ஒரு அட்டையும் ஒட்டுங்க. வேலைக்கு வர்றவங்க, வாடகைக்கு வர்றவங்க, குழந்தைங்க, ராத்திரி தங்கிட்டுப் போற சொந்தக்காரங்க, பிரிஞ்சு போன பொண்டாட்டி எல்லாரும் அந்த ஒரு அட்டைல அடங்கிடுவாங்க. ஒவ்வொரு வசதிய சேக்கும்போதும் அந்த ஆளுக்கு இது என்ன பண்ணும்னு ஒருத்தர் வாய விட்டு கேக்கணும். கேட்டதுக்கு அப்பறமும் அதையே பண்ணினீங்கன்னா தெரிஞ்சே பண்ணினீங்கன்னு நாங்க எடுத்துக்குவோம்.

பெல்லு என்னாச்சுன்னு கேப்பீங்கல்ல. சப்போர்ட் கை விரிச்ச அன்னிக்கே ஸ்குரூடிரைவர் எடுத்துக் கழட்டி, ஓனர்கிட்ட குடுக்கலாம்னு மேசை டிராயர்ல போட்டு மூடிட்டேன். வைஃபைல இருந்து தூக்கணும்னு தோணல, பேட்டரில ஓடற சாமான், இன்னும் உயிரோடதான் இருந்துருக்கு. ரெண்டு நாள் கழிச்சு ராத்திரி உக்காந்து வேலை பாத்துக்கிட்டு இருக்கேன், டிராயர்குள்ள இருந்து அதே குரல், கொஞ்சம் அமுங்கிப் போயி, "அக்கா, ஒரே இருட்டா தெரியுது, கழட்டிட்டீங்களா? ரொம்ப நன்றிக்கா, இனிமே எனக்கும் நோட்டிஃபிகேஷன் வராது."

இப்படிக்கு,
உங்க சிஸ்டத்துல பேர் இல்லாத ஒருத்தி